காட்டுக்கு போயி உருப்படியா எதாச்சும் பாத்துட்டு வர்றது எப்படி

முதுமலை போயிட்டு வந்தவங்கள்ல பாதி பேரு சொல்ற கதை ஒண்ணுதான். நாலு மானு, ரெண்டு மயிலு, தூரத்துல ஒரு யானையோட முதுகு மட்டும் தெரிஞ்சுச்சு, அவ்ளோதான், காசு தண்டம். நானும் முதல் மூணு தடவை இதையே தான் சொல்லிட்டு திரிஞ்சேன். அப்புறம் ஒரு தடவை தெப்பக்காடு பக்கம் ஒரு வயசான பாரஸ்ட் வாட்சர்கிட்ட டீ குடிச்சுட்டே புலம்புனப்ப அவரு கேட்டாரு, "எத்தன மணிக்கு வந்தீங்க, எத்தன மணிக்கு போறீங்க?" மதியம் ரெண்டு மணிக்கு வந்தோம், அஞ்சு மணிக்கு மைசூர் கிளம்பணும்னு சொன்னேன். அவரு சிரிச்சுட்டு எந்திரிச்சு போயிட்டாரு. பதிலே சொல்லல. அந்த சிரிப்புக்கு அர்த்தம் புரிய எனக்கு இன்னும் ரெண்டு ட்ரிப் ஆச்சு.

இதுல நான் எழுதுறது முக்கியமா முதுமலை, டாப்சிலிப், வால்பாறை பக்கம் போறவங்களுக்கு, கடைசில பறவை பாக்குற இடங்கள பத்தியும் கொஞ்சம். நான் எக்ஸ்பர்ட்லாம் கெடையாது, வருஷத்துக்கு மூணு நாலு தடவை குடும்பத்தோட காட்டுப்பக்கம் போற ஆளு, அவ்ளோதான்.

மொத விஷயம், ஊட்டி ட்ரிப்போட முதுமலைய ஒட்ட வைக்காதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இதுதான், ஊட்டி ரெண்டு நாளு, போட் ஹவுஸ், தொட்டபெட்டா, ரோஸ் கார்டன், கடைசி நாள் மதியம் "அப்படியே முதுமலை பாத்துட்டு பந்திப்பூர் வழியா போயிரலாம்"னு ஒரு பிளான் போடுவாங்க, மதியம் ஒரு மணி வெயில்ல எந்த மிருகம் ரோட்டோரம் வந்து நிக்கும் சொல்லுங்க, எல்லாம் நெழல் பாத்து படுத்துரும், நீங்க பாக்குறது ரோட்டோர குரங்க மட்டும்தான். அதனால என் கணக்கு இது: இடம் ஒண்ணு, ராத்திரி ரெண்டு. ரெண்டு ராத்திரி தங்குனா உங்களுக்கு ரெண்டு விடியக்காலை, ரெண்டு சாயங்காலம் கெடைக்கும், காட்டுல உருப்படியான நேரம் அது மட்டும்தான். வெளிச்சம் வந்ததுல இருந்து எட்டு எட்டரை வரைக்கும், அப்புறம் சாயங்காலம் நாலுக்கு மேல இருட்டுற வரைக்கும். நடுவுல இருக்குற நேரத்துல நல்லா சாப்ட்டு தூங்குங்க, மான் கூட அதைத்தான் பண்ணுது.

எப்ப போறதுன்றது அடுத்த கேள்வி. இதுக்கு ஒரே பதில் கெடையாது, உங்களுக்கு காடு அழகா இருக்கணுமா இல்ல மிருகம் தெரியணுமா, ரெண்டும் ஒரே மாசத்துல கெடைக்காது. முதுமலை காடு பெரும்பாலும் இலை உதிர்க்குற காடு, மசினகுடி பக்கம் போகப்போக முள்ளுக்காடா மாறிரும். தென்மேற்கு மழை முடிஞ்சு செப்டம்பர், அக்டோபர்ல போனீங்கன்னா கண்ணுக்கு எட்டுன தூரம் பச்சை, மாயாறுல தண்ணி, மலைமேல மேகம், போட்டோவுக்கு அள்ளும். ஆனா அந்த புல்லு யானை வயிறு வரைக்கும் வளந்து நிக்கும், பத்தடி உள்ள புலி படுத்திருந்தாலும் உங்களுக்கு தெரியாது. பிப்ரவரிக்கு மேல எல்லாம் காஞ்சு, இலை கொட்டி, காடே கண்ணாடி மாதிரி ஆயிரும், தண்ணி இருக்குற குட்டைக்குத்தான் எல்லாமே வந்தாகணும், அப்ப பாக்குறது ஈஸி. ஆனா அதுதான் தீ பிடிக்குற சீசன், காட்டுத்தீ பயத்துல வனத்துறை பிப்ரவரி, மார்ச்ல சஃபாரிய திடீர்னு நிறுத்தி வைக்குறது நடக்கும், ட்ரெக்கிங்கும் மூடிருவாங்க. 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணில ட்ரெக்கிங் போனவங்க தீயில மாட்டி செத்தது ஞாபகம் இருக்கும், அதுக்கப்புறம் இதுல யாரும் விளையாடுறது இல்ல. அதனால காஞ்ச சீசன்ல போறீங்கன்னா கிளம்புறதுக்கு முந்தின நாள் சஃபாரி ஓடுதான்னு ஒரு போன் போட்டு கேட்டுட்டு கிளம்புங்க. எனக்கு பிடிச்சது ஏப்ரல் கடைசி, கோடை மழை ரெண்டு விழுந்ததும் காஞ்ச காட்டுல திடீர்னு இளம்பச்சை துளிர் வரும் பாருங்க, மான் கூட்டம் எல்லாம் அந்த துளிருக்கு ரோட்டோரம் வந்து நிக்கும், அழகும் மிருகமும் கொஞ்சம் கொஞ்சம் ஒண்ணா கெடைக்குற நேரம் எனக்கு தெரிஞ்சு அது மட்டும்தான்.

ரோடு விஷயம். நீலகிரிக்குள்ள வெளியூர் வண்டி போகணும்னா இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து ஐகோர்ட் உத்தரவு, கொடைக்கானலுக்கும் அதே. முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துருங்க, சீசன் டைம்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு கணக்கு வெச்சு விடுறாங்க. ஊட்டில இருந்து தெப்பக்காடுக்கு கல்லட்டி, மசினகுடி வழி 36 கிலோமீட்டர்தான்னு மேப் காட்டும், ஆனா அது 36 கொண்டை ஊசி வளைவு உள்ள செங்குத்தான இறக்கம், பிரேக் சூடாகி ஏகப்பட்ட விபத்து நடந்ததால வெளியூர் வண்டிய அதுல இறங்க விடுறது இல்ல, ஏற விடுவாங்க. அதனால போகும்போது கூடலூர் சுத்தி 67 கிலோமீட்டர் போங்க, வரும்போது கல்லட்டில ஏறி வாங்க. மேப்ப நம்பி தலைகுந்தா வரைக்கும் போயி செக்போஸ்ட்ல திரும்பி வந்த குடும்பம் எத்தனையோ, எங்க மச்சான் குடும்பமும் அதுல ஒண்ணு. இன்னொண்ணு, தெப்பக்காடு வழியா பந்திப்பூர் போற மைசூர் ரோடு ராத்திரி ஒம்போதுல இருந்து காலை ஆறு வரைக்கும் மூடிருவாங்க. கெஞ்சியும் பிரயோஜனம் இல்ல, வண்டில அடிபட்டு செத்த மிருகங்களோட எண்ணிக்கைய பாத்தா அது நியாயம்தான்னு உங்களுக்கே தோணும்.

இப்ப சஃபாரி. முதுமலைல காட்டுக்குள்ள போற சஃபாரி வனத்துறை வண்டில மட்டும்தான், தெப்பக்காடுல ரிசப்ஷன் இருக்கு, காலைலயும் சாயங்காலமும் ட்ரிப் உண்டு. ஆனா மசினகுடில நீங்க கார விட்டு இறங்குன அடுத்த நிமிஷம் நாலு பேரு வந்து "சார் பிரைவேட் ஜீப், கன்பார்ம் புலி, உள்ள கூட்டிட்டு போறோம்"னு சுத்தி வளைச்சுக்குவாங்க. கன்பார்ம் புலின்னு ஒருத்தரு சொன்னாலே அவரு பொய் சொல்றாருன்னு கன்பார்ம் பண்ணிக்கலாம். நான் ஒரு தடவை நல்லா காசு குடுத்து ஏமாந்தேன், ராத்திரி எட்டு மணிக்கு கூட்டிட்டு போயி ஊருக்குள்ள போற தார் ரோட்டுலயே மேலயும் கீழயும் ஓட்டி, பெரிய டார்ச்ச அடிச்சு ஒரு கடமானோட கண்ண மட்டும் காட்டி கொண்டாந்து விட்டாரு. அதுவும் சட்டப்படி தப்புன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, மாட்டியிருந்தா ஃபைன் கட்டுறது நானும்தான். ராத்திரி சஃபாரி யாரு கூப்ட்டாலும் போகாதீங்க. வனத்துறை வேன் பெருசா இருக்கும், சத்தம் போடும், பக்கத்துல உக்காந்தவரு சிப்ஸ் பாக்கெட்ட கசக்கிட்டே வருவாரு, எல்லாம் உண்மைதான், ஆனாலும் அதுதான் முறையான வழி. முடிஞ்சா காலை முதல் ட்ரிப் புடிங்க, ஜன்னலோரம் உக்காருங்க.

சரி, உள்ள போயாச்சு, எப்படி பாக்குறது? இங்கதான் மேட்டரே இருக்கு. நம்ம கண்ணு மிருகத்தோட முழு உருவத்தையும் தேடுது, டிவில பாத்த மாதிரி நடு ரோட்டுல நிக்கும்னு எதிர்பாக்குது. காட்டுல யாரும் அப்படி முழுசா தெரிய மாட்டாங்க. படுக்கை வசமா ஒரு கோடு தெரியுதான்னு பாருங்க, மரம் எல்லாம் நேரா மேல போகுது, அதுக்கு நடுவுல குறுக்க ஒரு கோடு இருந்தா அது பெரும்பாலும் ஒரு முதுகு. காது ஆடுறது, வால் ஆடுறது, இது ரெண்டும்தான் மொதல்ல காட்டிக் குடுக்கும். காட்டுமாடு கால் மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், புதருக்கு கீழ நாலு வெள்ளை கால் தெரிஞ்சா மேல ஒரு டன்னுக்கு பக்கமா ஒரு கருப்பு மலை நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் வண்டி போற பக்கம் பாக்காதீங்க, எல்லாரும் அங்கதான் பாக்குறாங்க, நீங்க சைடுல பாருங்க, உண்ணிச்செடி புதருக்கு நடுவுல இருக்குற சந்து, காஞ்ச ஓடை, மூங்கில் அடி, இந்த மாதிரி இடம்.

கண்ண விட காது முக்கியம், இத எனக்கு சொல்லிக் குடுத்ததும் ஒரு வாட்சர்தான். கருமூஞ்சி மந்தி மரத்து உச்சில உக்காந்து எலை பறிச்சு பாதிய கீழ போடும், அத தின்ன புள்ளிமான் கூட்டம் அடில நிக்கும், ரெண்டுக்கும் ஒரு கூட்டணி. மேல இருக்குறவனுக்கு கண்ணு தூரம் தெரியும், கீழ இருக்குறவனுக்கு மோப்பம் தெரியும். புலியோ சிறுத்தையோ வந்தா மந்தி இருமுற மாதிரி ஒரு சத்தம் குடுக்கும், புள்ளிமான் விசிலடிச்ச மாதிரி கீச்சுனு கத்தி முன்னங்கால தரைல தட்டும். இது ரெண்டும் அடிக்கடி பொய் அலாரமும் அடிக்கும். ஆனா கடமான் கத்துனா, லாரி ஹாரன் மாதிரி "டாங்க்"னு ஒரே ஒரு சத்தம், அது திரும்பத் திரும்ப ஒரே இடத்துல இருந்து வந்தா அங்க ஏதோ இருக்கு, டிரைவர்கிட்ட சொல்லி வண்டிய ஆஃப் பண்ண சொல்லுங்க. பத்து நிமிஷம். பத்து நிமிஷம் யாரும் பேசாம இருக்குறது இருக்கே, ஒரு வேன் தமிழங்களுக்கு அது எவ்ளோ கஷ்டம்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் ட்ரை பண்ணுங்க.

தரையையும் பாருங்க. மண் ரோட்டுல புலி நடக்க பிடிக்கும், பாதத்துக்கு மெத்துன்னு இருக்கும்ல. புலி, சிறுத்தை தடத்துல பெரும்பாலும் நகம் பதியாது, நகம் பதிஞ்சிருந்தா அது பெரும்பாலும் செந்நாய், இல்லைன்னா ஊர் நாய். புலித் தடம் என் உள்ளங்கை விட பெருசா இருக்கும், சிறுத்தைது அதுல பாதிக்கு கொஞ்சம் மேல. யானை லத்தி ஈரமா பளபளன்னு இருந்து, பக்கத்துல மூங்கில் ஒடிஞ்ச வாசனை பச்சையா அடிச்சா யானை ரொம்ப தூரத்துல இல்ல. இப்படி ஒரு ரெண்டு மூணு அடையாளம் தெரிஞ்சுட்டா, ஒண்ணுமே "பாக்காத" ட்ரிப்புல கூட நெறைய பாத்திருப்பீங்க. என் பொண்ணு ஏழு வயசுல புலிய பாத்ததில்ல, ஆனா புலி அரை மணி நேரத்துக்கு முன்னாடி நடந்து போன ரோட்ட பாத்தா, ஸ்கூல்ல ஒரு மாசம் அதைத்தான் சொல்லிட்டு இருந்தா.

யானை விஷயத்துல மட்டும் கொஞ்சம் சீரியஸா சொல்றேன். புலிய பாத்து செத்த டூரிஸ்ட்ட விட யானைகிட்ட போயி மாட்டுனவங்கதான் அதிகம் கேள்விப்படுறோம். ரோட்டுல யானை நின்னா ஹாரன் அடிக்காதீங்க, ஹைபீம் போடாதீங்க, கண்ணாடி இறக்கி செல்ஃபி எடுக்காதீங்க. நல்ல தூரத்துலயே நிறுத்துங்க, எஞ்சின் ஓடட்டும், பின்னாடி வழி இருக்கான்னு பாத்து வெச்சுக்கோங்க. காது விசிறி மாதிரி ஆடிட்டே எலை தின்னுட்டு இருந்தா அது உங்கள கண்டுக்கல. ஆட்டம் நின்னு காது ரெண்டும் விரிஞ்சு, தலைய தூக்கி, துதிக்கைய உங்க பக்கம் நீட்டி மோப்பம் பிடிச்சா, "நீ யாரு"ன்னு கேக்குதுன்னு அர்த்தம், அப்பவே மெதுவா ரிவர்ஸ். குட்டி இருக்குற கூட்டம்னா தூரத்த இரட்டிப்பா வெச்சுக்கோங்க, அதுவும் குட்டி ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம் இருக்கும்போது நடுவுல போற புத்திசாலித்தனம் வேண்டாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல கன்னத்துல எண்ணெய் வழிஞ்ச மாதிரி கருப்பா கோடு தெரியுற ஒத்தை ஆண் யானைன்னா மதம், அங்க நிக்கவே நிக்காதீங்க. பைக்ல போறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், விடியக்காலையும் இருட்டுலயும் அந்த ரோட்டுல போகாதீங்க.

கிட்டத்துல யானை பாக்கணும்னு ஆசைன்னா அதுக்குத்தான் தெப்பக்காடு யானை முகாம் இருக்கு. காலைலயும் சாயங்காலமும் சாப்பாடு குடுக்குற நேரம் பாக்க விடுவாங்க. கேழ்வரகு களி, கொள்ளு, அரிசி, வெல்லம் எல்லாம் சேத்து கட்டி கட்டியா உருட்டி வாய்க்குள்ளயே ஊட்டுவாங்க, ஒவ்வொரு யானைக்கும் டாக்டர் சொன்ன கணக்குப்படி போர்டுல எழுதியிருக்கும். யானைப் பாகன் மாவூத்தனும் அவருக்கு உதவியா இருக்குற காவடியும் பெரும்பாலும் அந்த காட்டு மக்களே, அப்பா தாத்தா காலத்துல இருந்து இந்த வேலைதான். தோட்டத்துக்குள்ள வர்ற காட்டு யானைய விரட்டப் போற கும்கிங்களும் இங்க இருக்கும், பாக்க சாது மாதிரி நின்னு களி தின்னுட்டு இருக்கும். குழந்தைங்க கூட வந்தா இத மிஸ் பண்ணாதீங்க, ஆனா இது காடு பாத்த கணக்குல வராது, அது வேற.

டாப்சிலிப் எனக்கு முதுமலைய விட பிடிக்கும், காரணம் கேட்டா அங்க ரோடு அங்கயே முடிஞ்சுரும், அதுக்கு மேல பரம்பிக்குளம்தான், அதனால ஊடால போற லாரி, டூரிஸ்ட் பஸ் சத்தம் கெடையாது. பொள்ளாச்சில இருந்து சேத்துமடை செக்போஸ்ட் வழியா மேல ஏறணும். வெள்ளக்காரன் காலத்துல தேக்கு மரத்த வெட்டி மலை உச்சில இருந்து சறுக்கி விடுவாங்களாம், அதுல வந்த பேருதான் டாப்சிலிப். வெட்டி வெட்டி மலையே மொட்டை ஆனப்பதான் ஹ்யூகோ வுட்ங்கிற ஆபிசர் வந்து திரும்ப தேக்கு வளத்தாரு, நடக்கும்போது கைத்தடியால குழி போட்டு விதை போட்டுட்டே போவாருன்னு அங்க கதையா சொல்லுவாங்க. 1933ல செத்தாரு, அவரு வளத்த தேக்குக்கு நடுவுலயே சமாதி இருக்கு, அதுல லத்தீன்ல எழுதியிருக்கும், என்னோட நினைவுச் சின்னம் வேணும்னா சுத்திப் பாருங்கன்னு அர்த்தம். சமாதிய கும்பிடுற ஆளு நான் இல்ல, ஆனா அங்க நின்னு ஒரு தடவை சுத்தி பாத்துட்டுத்தான் வருவேன். காட்டேஜ் வனத்துறைதே, ஆனைமலை புலிகள் காப்பகத்தோட ஆன்லைன் புக்கிங்ல போட்டுக்கலாம், சனி ஞாயிறு கெடைக்குறது குதிரைக்கொம்பு, வார நாள்ல லீவு போட்டு போங்க. ராத்திரி கரண்ட் போனா போனதுதான், டவர் பெரும்பாலும் இருக்காது, ஆபிஸ்ல முன்னாடியே சொல்லிருங்க. விடியக்காலை காட்டேஜ் திண்ணைல உக்காந்தாலே போதும், முன்னாடி புல்வெளில மான், காட்டுப்பன்னி, சில நாள் காட்டுமாடு கூட்டம். சத்தியமா சொல்றேன், சஃபாரில பாத்தத விட திண்ணைல உக்காந்து பாத்ததுதான் எனக்கு அதிகம்.

அங்க இருந்து பரம்பிக்குளம் கேரளா பார்டருக்குள்ள, ஆனா வண்டில போற வழி நம்ம ஊரு வழிதான், கேரளாக்காரங்களே பொள்ளாச்சி வந்துதான் போறாங்க. உள்ள கன்னிமரா தேக்குன்னு ஒரு மரம், அஞ்சாறு பேரு கை கோத்தாத்தான் கட்டிப்பிடிக்க முடியும். போனா அந்த மரத்துக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க.

வால்பாறை நேஷனல் பார்க் உள்ள போற டைப் இல்ல, தேயிலை எஸ்டேட்டுக்கு நடுவுல துண்டு துண்டா காடு, அதனால ரோட்டுல இருந்தே பாக்கலாம். ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஒம்போதாவது வளைவுல வியூ பாயிண்ட் இருக்கு, அங்க பாறையில வரையாடு நிக்கும், நம்ம மாநில விலங்கு, காலைல போனா கெடைக்குற வாய்ப்பு நல்லாவே இருக்கு. கீழ அணை தெரியுற வியூவ மட்டும் பாத்து போட்டோ எடுத்துட்டு எல்லாரும் கிளம்பிருவாங்க, நீங்க திரும்பி மேல பாறைய பாருங்க. வால்பாறை ஊர் பக்கம் புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்கு, இது மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல எங்கயும் காட்டுல கெடையாது, அப்பேர்ப்பட்டது ரோட்ட கடந்து டீக்கடை ஓட்டு மேல உக்காந்திருக்கும். தயவுசெஞ்சு பிஸ்கட் போடாதீங்க, பிஸ்கட் பழகுன குரங்கு கார் சத்தம் கேட்டா ரோட்டுக்கு ஓடி வருது, அப்புறம் கார்லயே அடிபட்டு சாகுது. இருவாச்சி பாக்கணும்னா காலைல ஆள் அரவம் இல்லாத எஸ்டேட் ரோட்டுல நில்லுங்க, ஸ்டீம் எஞ்சின் போற மாதிரி ரெக்கை சத்தம் மொதல்ல வரும், அப்புறம்தான் பறவை வரும்.

மூணார் பக்கம் போறவங்க இரவிகுளம் போகலாம், அங்க வரையாடு கைக்கு எட்டுற தூரத்துல மேயும், பார்க் பஸ்லதான் மேல கூட்டிட்டு போவாங்க. குட்டி போடுற சீசனுக்காக பிப்ரவரி, மார்ச் வாக்குல மூடிருவாங்க, அத பாத்துட்டு டிக்கெட் போடுங்க. நீலக்குறிஞ்சி போன தடவை பூத்தது 2018, அடுத்தது 2030, இப்ப போயி எங்க பூவுன்னு கேக்காதீங்க.

கைல என்ன எடுத்துட்டு போறது? பைனாகுலர், கேமராவுக்கு முன்னாடி பைனாகுலர். 8×42ன்னு போட்டிருக்குறத வாங்குங்க, எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர், விடியக்காலை கம்மி வெளிச்சத்துக்கு அந்த 42 முக்கியம். பத்து மடங்கு இருபது மடங்குன்னு ஆசைப்பட்டா ஓடுற வண்டில கை ஆடி ஒண்ணும் தெரியாது. ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கு 30×60ன்னு செவப்பு கண்ணாடி போட்டு விக்குறது பொம்மை, அத வாங்கி நான் என் தம்பி பையனுக்கு குடுத்துட்டேன். டிரஸ் காக்கி, பச்சை, பழுப்பு எதாச்சும், பளிச்சுனு வெள்ளை மட்டும் வேண்டாம். சென்ட் அடிக்காதீங்க. மழைக்காலத்துல டாப்சிலிப், வால்பாறைல அட்டை இருக்கும், சாக்ஸ பேன்ட்டுக்கு மேல இழுத்து விட்டு உப்பு இல்லைன்னா மூக்குப்பொடி தடவிக்கோங்க, ஏறுனா பதறி பிச்சு எடுக்காதீங்க, உப்பு வெச்சா தானா விழும். முதுமலை முள்ளுக்காட்டு பக்கம் காஞ்ச சீசன்ல உண்ணி, ரூமுக்கு வந்ததும் குளிச்சு உடம்ப பாத்துக்கோங்க. நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்க. ட்ரோன் எல்லாம் வீட்லயே வெச்சுட்டு வாங்க, பறக்க விட்டா கேஸ்தான். நடக்க ஆசை இருந்தா வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடுன்னு 2024ல ஆரம்பிச்ச ஆன்லைன் புக்கிங் இருக்கு, 40 வழி, கூட காட்டு மக்கள்ல இருந்தே கைடு வருவாங்க. தனியா எவனோ வாட்சப்ல கூப்டுறான்னு போகாதீங்க.

மலை ஏற முடியாது, யானைன்னா பயம், வீட்ல பெரியவங்க இருக்காங்கன்னா பறவை பக்கம் வாங்க. டிசம்பர், ஜனவரில வேதாரண்யத்துக்கு பக்கத்துல கோடியக்கரை போனா வெளிமான் கூட்டம் கூட்டமா புல்வெளில ஓடுறத பாக்கலாம், ஆண் மான் கருப்பும் வெள்ளையுமா முறுக்கு கொம்போட. சதுப்பு பக்கம் பூநாரை, தூரத்துலதான் நிக்கும், முட்டிங்கால் சேறுல எறங்குனாலும் கிட்ட போக முடியாது, பைனாகுலர் இல்லைன்னா ஒரு ரோஸ் கலர் கோடு மட்டும் பாத்துட்டு வருவீங்க. 2018 கஜா புயல் அந்த காட்ட புரட்டிப் போட்டுருச்சு, விழுந்த மரங்களுக்கு நடுவுல திரும்ப முளைச்சு வர்றதையும் பாப்பீங்க.

சென்னைக்காரங்களுக்கு வேடந்தாங்கல். 30 ஹெக்டேர் ஏரி, அவ்ளோதான் சைஸு, ஆனா கதை பெருசு. அங்க வெள்ளக்கார சிப்பாய்ங்க பறவை சுட வந்தப்ப ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போயி சண்டை போட்டு, 1798 வாக்குலயே, எங்க ஏரில சுடக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. காரணம் பாசம் மட்டும் இல்ல, பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம், விளைச்சல் கூடும்னு அவங்களுக்கு தெரியும். ஏரில தண்ணி இருக்கான்னு கேட்டுட்டு கிளம்புங்க, வடகிழக்கு மழை ஏமாத்துன வருஷம் பறவையும் வராது. மழை நல்லா பேஞ்சிருந்தா டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் எப்ப போனாலும் சரி.

அங்கயும் மதியம் போயி வெயில்ல நிக்காதீங்க. மூணரைக்கு போயி கரைல நடந்து கடைசி வரைக்கும் போங்க, வாசல் பக்கம் நிக்குற கூட்டம் அங்க வராது. தண்ணிக்குள்ள நிக்குற மரம் எல்லாம் கூடா இருக்கும், நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், ஒவ்வொண்ணுக்கும் மரத்துல ஒரு மாடி. கரண்டிவாயன் வாய பாத்தா பேரு தானா ஞாபகம் இருக்கும், பாம்புத்தாரா கழுத்த மட்டும் தண்ணிக்கு மேல நீட்டி நீந்தும்போது குழந்தைங்க பாம்புன்னே கத்தும். அஞ்சு மணிக்கு மேல சுத்துப்பட்டு வயல்ல இரை தேடப் போனதெல்லாம் திரும்ப ஆரம்பிக்கும், மொதல்ல பத்து, அப்புறம் நூறு, அப்புறம் எண்ண முடியாது, அதே நேரத்துல ராத்திரி இரை தேடுற வக்கா கொக்கு மட்டும் நைட் ஷிப்ட்டுக்கு போற மாதிரி எதிர் பக்கம் கிளம்பும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வந்திருக்கோம், டிராஃபிக்க நெனச்சு நாலரைக்கே கிளம்பிராதீங்க. மூடுற நேரம் சொல்லி விசில் அடிப்பாங்க, அப்ப எறங்குனா போதும், மதுராந்தகம் வந்து ஒரு டீய குடிச்சுட்டு ஹைவே ஏறிக்கலாம்.